சங்கிலி பிடித்தவர்

மகள் முதன்முதலாகச் சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்பிய வாரம், குள்ளஞ்சாவடி வீட்டில் எந்நேரமும் தூரக் கணக்குதான். வடலூர், விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குப் போய் ஏறுவதா, கடலூர் போய் வடக்கே திரும்பி மீனம்பாக்கத்தில் ஏறுவதா? பக்கத்தில் நெய்வேலியில் ஓர் ஓடுதளம் இருக்கிறது. ஆனால் சிங்கப்பூருக்கு அங்கே ஏற முடியாது.

"எங்க ஏறினா கிட்டக்க?" என்றார் அப்பா. நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்தவர் அவர். 66 அடிச் சங்கிலி, 100 கண்ணி. முந்திரித் தோப்புகளுக்குள் அதை இழுத்துக்கொண்டு நடந்தே காலம் போயிற்று. சங்கிலி தொய்ந்தால் இல்லாத நிலம் கணக்கில் ஏறிவிடும் என்பார்.

அவரிடம் வெறும் வாயால் சொல்ல மனம் வரவில்லை. மகள் பள்ளியில் படித்தபோது வாங்கிய பூகோள உருண்டையையும் தையல் நூலையும் எடுத்துவந்தேன். உருண்டைமேல் நூலைத் தொய்வில்லாமல் இழுத்தால், அதுவே இருப்பதில் குறுகிய வழியில் படிந்துவிடும். இரண்டு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரம் என்று சொல்வது இந்த வழியின் நீளத்தைத்தான். முப்பது சென்டிமீட்டர் குறுக்களவுள்ள உருண்டையில் ஒரு சென்டிமீட்டர் என்பது சுமார் 425 கிலோமீட்டர். மீனம்பாக்கத்திலிருந்து சிங்கப்பூர் ஏழு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 2,900 கிலோமீட்டர் சொச்சம். திருச்சியிலிருந்து ஐம்பது, அறுபது கிலோமீட்டர் கூடுதல். நூலில் அது ஒரு மில்லிமீட்டர். மீனம்பாக்கத்துக்கும் திருச்சிக்கும் நடுவிலோ 300 கிலோமீட்டருக்குள்தான்.

அப்பா நூலைப் பார்க்கவில்லை. "கல்லு எங்க நட்டிருக்கு?" என்றார்.

அவர் தொழிலில் கல் இல்லாமல் அளவு இல்லை. விமான நிலையத்துக்குக் கல் கிடையாது, அட்சரேகையும் தீர்க்கரேகையும் குறித்த ஒரு புள்ளி உண்டு, பெரும்பாலும் ஓடுதளத்தின் நடுவாக்கில் இருக்கும் என்றேன். பயணி யாரும் போய் நிற்க முடியாத இடம். விமானமும் நூல் போன தடத்திலேயே போகாது. காற்றுக்கும் வான்வழிக்கும் ஏற்ப வளைந்துதான் போகும்.

பிறகு லாம்டன் என்ற நில அளவையாளரின் கதையைச் சொன்னேன். 1802இல், இன்றைய மீனம்பாக்கத்தை ஒட்டிய பரங்கிமலை அருகேதான் இந்தியாவின் பெரிய முக்கோண அளவைக்கு அடிக்கோடு போட்டார்கள். 100 அடி எஃகுச் சங்கிலி. வெயிலில் நீளும் என்று கூடவே வெப்பமானி வைத்தார்கள். சுமார் 12 கிலோமீட்டரை அளக்க 57 நாள், ஏறக்குறைய 400 முறை சங்கிலியை எடுத்து எடுத்து வைத்து. இன்று விமானம் அந்தத் தூரத்தை ஒன்றிரண்டு நிமிடத்தில் கடந்துவிடுகிறது.

"சங்கிலி புடிச்சது யாரு?"

"வில்லியம் லாம்டன்பா."

"அது அளந்தவரு பேரு. புடிச்சவங்க?"

நான் படித்ததில் அந்தப் பெயர்கள் இல்லை. அப்பா வெகுநேரம் பேசாமல் இருந்தார். எனக்கும் தொண்டை அடைத்தது.

திருச்சி என்று முடிவானது. சாலை வழி அதுதான் குறைவு. கிளம்பும் இரவு பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்த பேத்தியைக் கூப்பிட்டு, உருண்டைமேல் சிங்கப்பூர்ப் பக்கத்து நூல் முனையை அவள் விரலில் கொடுத்தார்.

"தொய்ய விடாம புடி கண்ணு" என்றார். தன் முனையைக் கடலூருக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திக்கொண்டார்.