தாலியில் சிலுவை

பெருமாள்மலையில்தான் பழனிச் சாலை பிரிகிறது. ஊரின் பெயரிலேயே பெருமாள் இருக்கிறார். கீழே போனால் முருகன். மேலே கொடைக்கானல் போகும் வழியில் செண்பகனூர். 1895-இல் சேசு சபையார் கல்லூரி தொடங்கிய இடம். இங்கே வளர்ந்த கிறிஸ்தவர்கள் நாங்கள். தைப்பொங்கலன்று பானையில் மஞ்சள் கொத்து கட்டுவோம், சிலுவைக் குறி போட்டு அடுப்பைப் பற்றவைப்போம், பொங்கி வழியும்போது குலவையிடுவோம்.

"நீங்கதான் வேதக்காரங்களாச்சே, உங்களுக்கு எதுக்குப் பொங்கல்?" என்று கேட்பவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். வேறு சபைக்குப் போன சித்தியோ பூவையும் பொட்டையும் விட்டு, தாலியையும் கழற்றிவிட்டார். இரண்டு பக்கமும் சொல்வது ஒன்றுதான்: மதம் மாறினால் எல்லாம் மாற வேண்டும்.

இந்த வழக்கு பழையது. 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நோபிலி காவி உடுத்தினார், புலால் விட்டார், தமிழும் வடமொழியும் படித்தார். குடுமியும் பூணூலும் சந்தனமும் ஊர் வழக்கம், வழிபாடு வேறு என்று வாதாடினார். கூட இருந்த பாதிரியார்களே ரோமுக்குப் புகார் எழுதினார்கள். 1623-இல் போப் பதினைந்தாம் கிரகோரி நோபிலி பக்கம் நின்றார். 1703-இல் புதுச்சேரிக்கு வந்த போப்பின் தூதர் துர்னோன், அடுத்த ஆண்டு, கிறிஸ்தவப் பெண்கள் பிள்ளையார் உருவம் பொறித்த தாலி அணியக் கூடாது என்று ஆணையிட்டார். பெண் பிள்ளைகளின் சடங்குக் கொண்டாட்டத்துக்கும் தடை போட்டார். சடங்கு இன்றும் நடக்கிறது. என் அம்மாவின் தாலியில் ஒரு பொன் சிலுவை, அதன் நடுவில் தேய்ந்துபோன ஒரு புறா. கோத்திருந்தது மஞ்சள் கயிற்றில். உருவம் மாறியது, தாலி நிலைத்தது. அந்தத் தாலியைப் பார்த்து நீ பாதித் தமிழச்சி, பாதிக் கிறிஸ்தவள் என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. அவர் இரண்டும் முழுதாக இருந்தார்.

ஆனால் மனசு கனக்கிற இடம் ஒன்று உண்டு. நோபிலி ஊர் வழக்கம் என்று விட்டுவைத்த பூணூலோடு சாதியும் கோயிலுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. மேல்சாதியாருக்கு ஒரு சாமியார், மற்றவர்களுக்குப் பண்டாரசாமி என்று குருக்களையே பிரித்தார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு பக்கமாகச் சுவர் எழுப்பினார்கள். ஒரே நற்கருணை வாங்கியவர்களைச் செத்த பிறகும் பிரித்தது அந்தச் சுவர். கோலத்தையும் குலவையையும் காப்பாற்ற நாம் சொல்லும் அதே நியாயத்தைத்தான் அந்தச் சுவரைக் கட்டியவர்களும் சொன்னார்கள். பண்பாடு என்று பெயர் வைத்துவிட்டால் எதையும் கேள்வி கேட்கக் கூடாது என்பது எனக்கு ஒப்பாது. மதத்தை உரசிப் பார்க்கிற நாம் வழக்கத்தையும் உரசிப் பார்க்க வேண்டும்.

நம் வீட்டுப் பிள்ளைகள் பொங்கல் வைக்கட்டும், மஞ்சள் கயிறு கட்டட்டும், பழனிக்கு நடந்து போகிறவர்களுக்கு மோர் கொடுக்கட்டும். கல்யாணப் பேச்சில் "அவங்க என்ன ஆளுங்க?" என்று யாராவது கேட்டால் மட்டும், அது நம் வழக்கம்தானே என்று தயவுசெய்து பதில் சொல்லாதீர்கள்.