தலைப்பிரசவச் சாமான் பட்டியல்: சேலம் லீ பஜாரிலிருந்து திருச்செங்கோடு வரை

"பிள்ளை பொறக்கறதுக்கு முன்னாடி அதுக்குன்னு எதையும் வாங்கி அடுக்கக் கூடாது கண்ணு, திருஷ்டி பட்டுடும்!" சேலம், நாமக்கல் பக்கத்தில் முதல் முறையாக முழுகாமல் இருக்கும் எந்தப் பெண்ணும் அம்மாயி வாயிலிருந்து இதைக் கேட்காமல் இருக்க மாட்டாள். பிரசவம் மறுபிறவியாக இருந்த காலத்தில் பிறந்த பேச்சு இது. வாங்கி வைத்த சட்டையைப் பார்த்துப் பார்த்து அழ வேண்டி வருமோ என்ற பயம்தான் காரணம். அதைக் கேலி செய்ய வேண்டாம். ஆனால், ஆஸ்பத்திரிக்குப் புறப்படும் நேரத்தில் ஒரு துண்டுத் துணிகூட எடுத்து வைக்காமல் திண்டாடவும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் நல்ல வழி இருக்கிறது. குழந்தைக்குப் புதுசாக வாங்குவதைத் தள்ளி வையுங்கள். தாய்க்கு வேண்டியதை இப்போதே வாங்குங்கள். அதற்கு இந்தச் சமவெளியை விட வசதியான இடம் கிடைக்காது.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் தொடங்கலாம். பெயரிலேயே செவ்வாய்க்கிழமை இருக்கிறது. அங்குள்ள லீ பஜாரில் அரிசி, பருப்பு, மளிகை எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். பிரசவ மருந்துக்கான சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சதகுப்பை, பனைவெல்லம் என்று ஒரே நடையில் வாங்கிவிடலாம். லேகியம் கிளறுவது நம் வழக்கம், ருசியும் உண்டு. ஆனால் டாக்டர் கொடுக்கும் மாத்திரைக்கு அது ஈடாகாது. சர்க்கரை நோயோ ரத்தக் கொதிப்போ இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் லேகியத்தைத் தொடக் கூடாது.

வசம்பு வாங்கும்போது மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். பிறந்த குழந்தைக்கு அதைச் சுட்டு உரசி நாக்கில் தடவுவதும், வளையலாகக் கோத்துக் கையில் கட்டுவதும் பழைய பழக்கம். பச்சைக் குழந்தை கையை வாயில் வைத்துச் சப்பும். ஆகவே வசம்பு வேண்டாம். தேன், சர்க்கரைத் தண்ணீர், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், பிறகு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். இந்தப் பட்டியலில் காசே இல்லாமல் கிடைக்கும் சாமான் இதுதான்.

சேலம் என்றதும் ஜவ்வரிசி ஞாபகம் வரும். மரவள்ளிக் கிழங்கு விளையும் பூமி இது. ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் உற்பத்தி செய்வோருக்காக 1981-ல் ஏற்பட்ட 'சேகோசர்வ்' கூட்டுறவுச் சங்கமும் சேலத்தில்தான் இருக்கிறது. மசக்கையில் எதுவும் இறங்காதபோது ஜவ்வரிசிக் கஞ்சி தொண்டையில் இதமாக இறங்கும். ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்துதான். அதை மட்டுமே குடித்தால் ரத்தம் ஊறாது. கேழ்வரகையும் கம்பையும் சேர்த்து வாங்குங்கள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. கம்பில் இரும்புச்சத்து இருக்கிறது. கொல்லையில் முருங்கை மரம் இருந்தால் கீரைக்குக் காசும் மிச்சம்.

சேலத்திலிருந்து நாமக்கல் சுமார் 50 கிலோமீட்டர். வழியில் ராசிபுரத்துக்குத் திரும்பினால் பேர் பெற்ற ராசிபுரம் நெய். பக்கத்துக் கொல்லிமலையிலிருந்து மிளகு இறங்கும். நாமக்கல்லில் முட்டை. நாடு முழுக்க முட்டை அனுப்பும் ஊரில் இருந்துகொண்டு, "முட்டை சூடு, மாசமா இருக்கறவளுக்கு ஆகாது" என்று சொல்லித் தட்டில் வைக்காமல் விடுகிற வீடுகளும் உண்டு. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. மஞ்சள் கரு கெட்டியாகும் வரை நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள். அரைவேக்காடு மட்டும் கூடாது. சைவ வீடுகளில் பருப்பு, பச்சைப்பயறு, பால், தயிர், நிலக்கடலை.

அங்கிருந்து காவிரிக் கரைக்கு, பரமத்தி வேலூர் பக்கம் போனால் கரும்பும் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலுமாகப் பச்சைப் பசேலென்று இருக்கும். வெல்லம் காய்ச்சும் ஆலைக்கொட்டகைகளின் வாசனை மூக்கைத் துளைக்கும். கடலை உருண்டைக்கு இந்த வெல்லம் அருமை. ஆனால், வெல்லம் சாப்பிட்டாலே ரத்தசோகை போய்விடும் என்று நம்பிவிடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரையை நாலாம் மாதத்திலிருந்து குறைந்தது 180 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். மாத்திரையோடு காபி, டீ குடித்தால் சத்து உடம்பில் சேராது. எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் நன்றாகச் சேரும்.

இனி துணி. இளம்பிள்ளைச் சேலையும், சேலம் அம்மாபேட்டை நெசவும் நமக்குப் பெருமைதான். வளைகாப்புக்கும் கட்டுச்சோறு விருந்துக்கும் கட்டிக்கொள்ள அங்கே போய் ஆசை தீர எடுங்கள். குழந்தைக்கோ தாத்தாவின் பழைய பருத்தி வேட்டிக்கு மிஞ்சியது கிடையாது. நன்றாக அலசி, கொதிநீரில் போட்டு, வெயிலில் காயவைத்துச் சதுரம் சதுரமாகக் கிழித்து, இரண்டு டஜனுக்குக் குறையாமல் மடித்து வையுங்கள். பழைய துணி என்பதால் அம்மாயியும் கோபிக்க மாட்டார்! செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசும் தண்டையும் பிறகு வரட்டும். சின்னச் சலங்கை கழன்று வாயில் போய்விடும் என்பதால், அதைத் தாய்மாமன் கொஞ்சம் தாமதமாகவே வாங்கி வந்தால் போதும்.

இந்த மாவட்டங்களுக்கே உரிய இன்னொரு விஷயம் உண்டு. நாமக்கல் லாரிக்கும், திருச்செங்கோடு போர்வெல் வண்டிக்கும் பேர் போனது. வீட்டுக்காரர் 'லைனில்' போனால் எந்த மாநிலத்தில் இருப்பாரோ தெரியாது. ரிக் வண்டியில் போனவர் திரும்ப மாதக் கணக்காகும். "வலி வந்தா அவங்க வந்துடுவாங்க" என்று நம்பி உட்கார முடியாது. ஏழாம் மாதத்திலேயே ஆஸ்பத்திரிக்கு யார் கூட வருவார்கள், ராத்திரியில் எந்த வண்டி, அவசரத்துக்கு ரத்தம் கொடுக்க யார் என்பதைப் பேசி முடியுங்கள். அவரவர் போன் நம்பரைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். 2008-லிருந்து தமிழ்நாட்டில் ஓடும் 108 ஆம்புலன்ஸ் அந்த வரிசையில் முதலில் இருக்கட்டும். ரத்தம் பட்டாலோ, நீர் உடைந்தாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ யாரையும் எதிர்பார்க்காமல் உடனே கிளம்புங்கள்.

கதவோரம் வைக்கும் பையில் இவை போதும்: மருத்துவமனை அட்டை, ஸ்கேன், ரத்தப் பரிசோதனைக் காகிதங்கள், ஆதார், வங்கிப் புத்தகம், முன்பக்கம் திறக்கும் நைட்டி இரண்டு, சானிடரி நாப்கின், துவைத்த துணிகள், குழந்தையைச் சுற்ற ஒரு துண்டு, தலைக்கு ஒரு குல்லா. கிராம சுகாதாரச் செவிலியரிடம் 12 வாரத்துக்குள் பதிவு செய்தால், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் தகுதியுள்ளவர்களுக்கு ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாகச் சேர்த்து 18,000 ரூபாய் அளவுக்கு உதவி உண்டு.

கடைசியாகத் தொட்டில். நம் பக்கத்தில் பழைய நூல் சேலையைக் கட்டிய 'தூரி'தான் குழந்தையின் முதல் வீடு. பக்கத்தில் ஆள் இருக்கும்போது ஆட்டித் தூங்க வைக்கலாம். மற்ற நேரத்தில் சமமான, கெட்டியான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

ஆனால் 'தொட்டில்' என்ற சொல்லுக்குச் சேலம் மாவட்டத்தில் இன்னொரு அர்த்தமும் உண்டு. பெண்ணாகப் பிறந்ததாலேயே சிசுக்கள் கொல்லப்பட்ட கொடுமையைத் தடுக்க, தமிழக அரசு 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை முதலில் தொடங்கியது இந்த மாவட்டத்தில்தான். நாமக்கல்லும் அப்போது சேலத்தோடு சேர்ந்திருந்தது, 1997-ல்தான் தனி மாவட்டமானது. வேண்டாம் என்று நினைப்பவர்கள் கொண்டுவந்து விடட்டும், உயிராவது மிஞ்சட்டும் என்று அரசு தொட்டில்கள் வைக்கப்பட்டன. 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்கூட, சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகளே இருந்தார்கள். 2011-ல் அது 900-ஐத் தாண்டியது. மனசு ஆறுதல் அடைகிறது, ஆனாலும் கணக்கு இன்னும் சரியாகவில்லை.

"வயிறு கூர்மையா இருக்கு, பையன்தான்" என்று ஆசையாகச் சொல்லும் வாய்கள் உங்கள் வீட்டிலும் இருக்கும். வயிற்றின் வடிவத்தில் எதுவும் தெரியாது. ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது தகப்பனிடமிருந்து வரும் குரோமோசோம். அதற்கு மருமகளை நோவது அநியாயம். ஸ்கேனில் பார்த்துச் சொல்வதும், சொல்லச் சொல்லிக் கேட்பதும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். எட்டாம் மாதத்தில் நீங்களும் வீட்டுக்காரரும் மாமியாரும் உட்கார்ந்து, பெண்ணுக்கு ஒன்று, ஆணுக்கு ஒன்று என்று இரண்டு பெயர் எழுதி அந்தப் பைக்குள் போட்டு வையுங்கள். பிரசவ அறை வாசலில், "என்ன குழந்தை?" என்பதற்கு முன்னால், "தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்களா?" என்று கேட்க வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் இப்போதே சொல்லி வையுங்கள்.

நடமாட முடிகிற மாதத்தில், வண்டிப் பாதை வழியாகத் திருச்செங்கோடு மலைக்கும் ஒரு முறை போய் வாருங்கள். படி ஏற வேண்டாம், ஆயிரத்துக்கும் மேல்! அங்கே அர்த்தநாரீசுவரர் வலப்புறம் வேட்டியும் இடப்புறம் சேலையுமாக நிற்கிறார். கூடவே மாமியாரையும் அழைத்துப் போங்கள். சுகப்பிரசவமாக வாழ்த்துகள்!