முன்கண்ணாடியில் ஒட்டிய கைபேசி



சென்ற மே மாதம் உறவில் ஒரு நிக்காஹ்வுக்காகச் சென்னையிலிருந்து உத்தமபாளையத்துக்குக் காரில் புறப்பட்டோம். நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், அம்மா. முழங்கால் வலியோடு பின்னிருக்கையில் நெடுநேரம் மடங்கி உட்கார இயலாது என்பதால் அம்மாவை முன்னால் அமர்த்தினோம். எங்களில் ஒருவர் ஓட்ட, மற்றவர் பிள்ளைகளோடு பின்னால் இருந்தார். ஓட்டியது யார் என்று இங்கே எழுதப்போவதில்லை. நடந்ததில் இருவருக்கும் சமபங்கு என்று வீட்டிலேயே பேசி முடித்தாயிற்று.

வழி பார்ப்பதற்காக முன்கண்ணாடியில் ஒரு ஹோல்டரை ஒட்டியிருந்தோம். கண்ணாடியில் அழுத்தினால் பிடித்துக்கொள்ளும் ரப்பர்க் கிண்ணமும் நீண்ட கையும் கொண்ட, 250 ரூபாய்ப் பொருள். திண்டிவனம் தாண்டும்போதே அது ஒருமுறை கழன்று விழுந்தது. கிண்ணத்தில் எச்சிலைத் தடவி மீண்டும் ஒட்டினோம். எல்லோரும் செய்வதுதானே! பிள்ளைகளின் டேப்லெட்டோ மூத்தவனின் மடியில் இருந்தது. அவனுக்கு வயது ஒன்பது. "கெட்டியாகப் பிடித்துக்கொள்" என்று சொன்னதோடு எங்கள் பொறுப்பு முடிந்ததாக எண்ணிக்கொண்டோம்.

திண்டுக்கல்லில் லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதுவிட்டு, வத்தலக்குண்டைக் கடந்தபோது பிற்பகல் மூன்று மணி இருக்கும். வெயில் நேராக முன்கண்ணாடியில் விழுந்தது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம். அப்போது ஹோல்டர் கைபேசியோடு கழன்று, ஓட்டியவரின் காலடியில் விழுந்தது. கண் தன்னையறியாமல் கீழே சென்றது. ஒரு விநாடிதான். அந்த வேகத்தில் ஒரு விநாடிக்கு வண்டி ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடுகிறது. நிமிர்ந்தபோது, பக்கத்துத் தோப்பு வழியிலிருந்து டிராக்டர் ஒன்று டிரெய்லரோடு சாலையில் பாதி ஏறி நின்றது.

பிரேக்கை மிதித்தால் பெடல் பாதியில் நின்றுவிட்டது. ஹோல்டரின் கை அதன் அடியில் சிக்கியிருந்தது. மறுபடி முழு பலத்தோடு மிதித்ததும் பிளாஸ்டிக் முறிந்து பெடல் இறங்கியது. வண்டி இடப்புற மண்ணில் இறங்கி, டிரெய்லருக்கு இரண்டு முழம் இப்பால் நின்றது. அல்லாஹ்வின் கிருபையால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்று எண்ணினோம். எல்லோரும் சீட் பெல்ட் அணிந்திருந்தோம். முறிந்தது மலிவுப் பிளாஸ்டிக் என்று அதைப் பழிக்க எங்களுக்கு வாய் வரவில்லை. நல்ல உலோகக் கையாக இருந்திருந்தால் பெடல் இறங்கியிருக்குமா?

டேப்லெட் முன்னிருக்கைகளுக்கு நடுவே கியர் அருகில் கிடந்தது. அதை எடுத்து மகனிடம் கொடுத்தோம். அது அங்கே எப்படி வந்தது என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை.

மாலையில், உறவினர் வீட்டில் மஃரிபுக்கு ஒளூச் செய்ய அம்மா கையை மடித்துவிட்டபோதுதான் வலது முழங்கைக்கு மேலே உள்ளங்கையளவு கன்றிப்போயிருந்தது தெரிந்தது. டேப்லெட்டின் விளிம்பு பட்ட இடம். மூன்று மணி நேரம் அவர்கள் வாய் திறக்கவில்லை. கேட்டதற்கு, "பிள்ளை பயந்துபோவான்னு சொல்லல. அதுக்கென்ன, ரெண்டு நாள்ல போயிடும்" என்றார்கள். ஆனால் மகன் அருகில்தான் நின்றிருந்தான். "நன்னிமா, நான் விட்டுட்டேனா?" என்று கேட்டு அழத் தொடங்கிவிட்டான். கல்யாண வீட்டில் அவனைத் தேற்றுவதே அன்றைய இரவு எங்களுக்குப் பெரும் வேலையாயிற்று.

அவன் விட்டதில் பிழை இல்லை என்பதை அவனுக்கு விளக்கப் போய், நாங்களே பள்ளிக்கூடக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். வண்டி வேகம் குறையும்போது, அதனோடு கட்டப்படாத பொருள் பழைய வேகத்திலேயே முன்னோக்கிச் செல்கிறது. கடுமையாக பிரேக் பிடித்தால், பின்னிருக்கையிலிருந்து முன்னிருக்கைக்கு வந்து சேரும் அந்த ஒரு மீட்டருக்குள், ஒரு மேசை உயரத்திலிருந்து விழுந்த பொருளின் வேகத்தை அது அடைந்துவிடும். அரைக்கிலோ டேப்லெட் அம்மாவின் கையில் கன்றிய தழும்பை விட்டது அந்த வேகத்தில்தான். டிரெய்லரில் மோதி வண்டி சட்டென்று நின்றிருந்தால் கணக்கே வேறு. மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது ஏறத்தாழ 14 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருளின் வேகம். நான்கு மாடிக்கு மேலிருந்து அதே டேப்லெட்டை ஒருவர் தலையில் போடுவதற்குச் சமம். 80 கிலோமீட்டர் என்றால் அந்த உயரம் 25 மீட்டர். ஒன்பது வயதுப் பிள்ளையின் பிடியை விடுங்கள், எங்கள் பிடியும் அங்கே நிற்காது.

இதற்குமுன் ஹோல்டர் என்றால், மேடு பள்ளத்தில் கைபேசி ஆடாமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்திருந்தோம். மேடு பள்ளத்தை எந்தப் பொருளும் தாங்கிவிடும். வண்டி திடுமென நிற்கும் அந்த ஒரு கணத்துக்காகத்தான் அதைப் பொருத்துகிறோம். அப்படி நினைத்துப் பார்த்தால், எந்த ஹோல்டர் வாங்குவது என்பதைவிட எங்கே பொருத்துவது, எதன்மேல் பொருத்துவது என்பவையே முதற் கேள்விகளாகின்றன.

மறுநாள் தேனியில் ஒரு கார் ஆக்சஸரீஸ் கடைக்குச் சென்றோம். கடைத் தம்பி எங்கள் டேஷ்போர்டில் விரலை வைத்து இழுத்து, அந்த விரலைக் காட்டினார். எண்ணெய்போல மினுமினுத்தது. சர்வீஸ் முடிந்து வண்டி வரும்போது பளபளப்புக்காகத் தெளித்துவிடுகிறார்களே, அந்தப் பாலிஷ். அதன்மேல் எதை ஒட்டினாலும் நிற்காது என்றார். ரப்பர்க் கிண்ணம் பசையால் ஒட்டுவதன்று. உள்ளே உள்ள காற்றை வெளியேற்றிவிட்டால் வெளிக்காற்றின் அழுத்தம் அதைக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடிக்கிறது. தூசியின் வழியாகவோ சொரசொரப்பின் வழியாகவோ சிறிது காற்று புகுந்தாலும் பிடி போயிற்று. வெயிலில் ரப்பர் இளகும். உள்ளே மிஞ்சிய காற்றும் விரியும். நாங்கள் தடவிய எச்சில் சிறிது நேரம் இடைவெளியை அடைத்து, பின்னர் உலர்ந்துவிட்டது. காலையில் நின்றது பிற்பகலில் விழுந்ததன் காரணம் அவ்வளவே.

இரட்டைப் பக்கப் பசைநாடா கொண்ட ஹோல்டர் மேலானது. ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும். ஒட்டும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, நன்கு உலரவிட்டு, அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, பிறகு ஒருநாள் முழுவதும் கைபேசியை மாட்டாமல் விட வேண்டும். இவ்வகை நாடாவின் முழுப் பிடிப்பு வர மூன்று நாட்கள்கூட ஆகும். வாங்கிய கையோடு ஒட்டி, ஒட்டிய கையோடு மாட்டுபவர்கள்தாம் "இது நிக்கவே மாட்டேங்குது" என்று திரும்பி வருவதாக அந்தத் தம்பி சிரித்தார். அவர் சொன்னது எங்களைத்தான்.

இடம் குறித்து அவர் சொன்னவற்றைத்தான் பிறருக்கும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஸ்டீயரிங்கின் நடுவிலும், முன்னால் அமர்பவருக்கு எதிரே டேஷ்போர்டிலும் 'எஸ்.ஆர்.எஸ். ஏர்பேக்' என்று பொறித்திருக்கும். அந்த மூடிகளின்மேலும், பை விரியும் வழியிலும் எதுவும் இருக்கக் கூடாது. மோதலில் அந்தப் பை ஒரு விநாடியின் இருபதில் ஒரு பங்குக்குள் விரிந்துவிடுகிறது. அதன் வழியில் இருக்கும் கைபேசியையோ ஹோல்டரையோ அது நேராக முகத்தின்மேல் எறியும். எங்கள் பழைய ஹோல்டரை, அம்மாவும் திரையைப் பார்க்கட்டும் என்று, கண்ணாடியில் சற்று இடப்புறமாகவே ஒட்டியிருந்தோம். அவர்களுக்கு எதிரே டேஷ்போர்டின் மேற்பரப்பிலேயே பை இருந்ததை அன்றுதான் கண்டோம். தஸ்பீஹ், வாசனைக் குப்பி, அழகுக்கு வைத்த கண்ணாடிப் பொருள் என்று அந்த மூடியின்மேல் இருந்த அனைத்தையும் அங்கேயே எடுத்துவிட்டோம்.

இறுதியில் டேஷ்போர்டின் நடுப்பகுதியில், ஏ.சி. காற்று வரும் துவாரத்தில் மாட்டும் வகையைத் தேர்ந்தோம். சாலையைப் பார்க்கும் பார்வைக்குக் கீழே அமைகிறது, எதையும் மறைப்பதில்லை. வெயிலில் சூடேறி அணைந்துவிடும் கைபேசிக்குக் குளிர்காற்றும் கிடைக்கிறது. வெறும் கவ்வியால் பிடிப்பது வேண்டாம். தகட்டின் பின்னால் கொக்கி மாட்டித் திருகி இறுக்குவதாக வாங்குங்கள். கனமான கைபேசியென்றால் அந்த மெல்லிய தகடே உடைந்துவிடக்கூடும் என்பது இதன் குறை. டேப்லெட்டுக்கு இது உதவவே உதவாது.

வாங்கியது காந்த வகை. கைபேசியின் உறைக்குள் ஒரு இரும்புத் தகட்டை வைத்துவிட்டால், அருகில் கொண்டுசென்றதும் ஒட்டிக்கொள்ளும். வசதிதான். ஆனால் கடைத் தம்பியும் சொல்லாத ஒன்றைத் திரும்பும் வழியில் அறிந்தோம். திருச்சி தாண்டி அஸருக்கு நிறுத்தி, கைபேசியில் கிப்லா பார்த்துத் துண்டை விரித்தோம். அம்மா நாற்காலியில் அமர்ந்தபடியே, "ஏம்பா, சூரியன் அந்தப் பக்கம் இறங்குது, நீங்க எந்தப் பக்கம் நிக்கிறீங்க?" என்றார்கள். நாங்கள் ஏறத்தாழத் தெற்கே பார்த்து நின்றிருந்தோம். கைபேசிக்குள் இருக்கும் திசைகாட்டி பூமியின் மெல்லிய காந்தப்புலத்தை அளப்பது. முதுகில் ஒட்டிய, காந்தம் ஏறிய தகடு அதைக் குழப்பிவிட்டது. தகட்டை எடுத்துவிட்டுக் கைபேசியை எட்டு வடிவில் சுழற்றிய பின் சரியான திசை வந்தது. நம் ஊர்களில் கிப்லா மேற்கிலிருந்து ஏறத்தாழ 20 பாகை வடக்கே சாய்ந்தது. அதை நினைவில் வைத்தால் கருவி தவறும்போது தெரிந்துவிடும். ஊர் திரும்பியதும் காந்த ஹோல்டரை மாற்றி, இருபுறமும் பிடித்து அடியிலும் தாங்கும் வகை ஒன்றை வாங்கினோம்.

சட்டம் பற்றி ஒரு சொல். மோட்டார் வாகனச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டபோது, ஓட்டும்போது கைபேசியைக் கையில் ஏந்திப் பயன்படுத்துவது 184ஆம் பிரிவில் ஆபத்தான ஓட்டுதலாகச் சேர்க்கப்பட்டது. முதன்முறை அபராதமே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை. 2020 அக்டோபர் முதல், வழி பார்ப்பதற்கு மட்டும், ஓட்டுபவரின் கவனம் கலையாதபடி பயன்படுத்த விதி இடமளிக்கிறது. ஹோல்டரில் இருக்கிறது என்பதற்காக வரும் செய்திகளைத் தட்டிப் படிக்கலாம் என்று அதற்குப் பொருளில்லை. நாங்கள் புறப்படும் முன்பே வழியைப் பதிந்துவிட்டுச் செய்திகளை ஒலியடக்கிவிடுகிறோம். சார்ஜர் வயரையும் கியரின் குறுக்கே தொங்கவிடாமல் ஓரமாகக் கொண்டுசென்று செருகிவிட்டோம். பவர்பேங்க் டேஷ்போர்டுப் பெட்டிக்குள் போய்விட்டது.

டேப்லெட்டை முன்னிருக்கையின் தலைச்சாய்வுக் கம்பிகள் இரண்டிலும் திருகிப் பொருத்தும் சட்டம் கடைகளில் உண்டு. அதையும் கையில் எடுத்துப் பார்த்தோம். பின்னால் இருக்கும் பிள்ளையின் நெற்றிக்கு நேராக ஒரு கடினமான விளிம்பு வருவது எங்களுக்கு ஒப்பவில்லை. வாங்கியவர்களைக் குறை சொல்லவில்லை. பிள்ளை பெல்ட்டோடு சரியாக அமர்ந்திருந்தால் அது மடியில் வைப்பதைவிடப் பன்மடங்கு மேல். எங்கள் வண்டியில் இப்போது டேப்லெட் டிக்கியில் பைக்குள் பயணம் செய்கிறது. முதல் இரண்டு பயணங்கள் பெரும் கூச்சலாகத்தான் கழிந்தன. இப்போது பிள்ளைகள் நன்னிமாவிடம் கதை கேட்கிறார்கள், அல்லது தூங்குகிறார்கள், அல்லது சண்டை பிடிக்கிறார்கள்.

அம்மாவின் கையில் தழும்பு மறையப் பத்து நாளாயிற்று. இப்போதெல்லாம் வண்டியில் ஏறி, பிஸ்மில்லாஹ் சொல்லிப் பெல்ட்டை மாட்டியதும், ஹோல்டரை ஒருமுறை மேலும் கீழும் பக்கவாட்டிலும் இழுத்துப் பார்க்கிறார்கள். போன வாரம் திருகு சற்றுத் தளர்ந்திருந்ததை அவர்கள்தாம் கண்டுபிடித்தார்கள். இறுக்கிய பிறகுதான் வண்டியை எடுக்கவிட்டார்கள்.