பர்கூர்த் தடம் கணினிக்கு வந்த வாரம்

திங்கள், இரவு

புது லேப்டாப்பில் வேண்டியதையெல்லாம் ஏற்றி முடித்தாயிற்று. பைக்கின் ஜிபிஎஸ் ஒன்றுதான் பாக்கி. ஒயரைச் செருகியதும் கருவியின் திரை ஒளிர்ந்தது. பேட்டரிப் படத்தில் மின்னல் குறி வந்தது. எப்போதும்போல வரைபடம் விரிந்தது. லேப்டாப்பிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

பழைய லேப்டாப்பில் செருகினால் வரைபடம் மறைந்து, கணினியும் ஒயருமாக ஒரு சின்னப் படம் திரையில் வரும். அதுதான் அடையாளம். வரைபடம் அப்படியே நின்றால், தான் இன்னும் பைக்கில் இருப்பதாகவே கருவி நினைக்கிறது என்று பொருள். கரண்ட் வாங்கிக்கொள்கிறது, கணினியோடு பேசவில்லை. இதை நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்கிறேன். திரை வேலை செய்கிறது, செயற்கைக்கோள் பிடிக்கிறது, சார்ஜ் ஏறுகிறது. கருவி நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கும் லேப்டாப்புக்கும் நடுவில் எங்கோதான் தகராறு.

நண்பர்களிடம் சொன்னதும் வந்த முதல் யோசனை, "ஃபேக்டரி ரீசெட் போட்டுப் பாருங்க." அதை மட்டும் செய்யமாட்டேன். ரீசெட் போட்டால் சேமித்த இடங்களும் ஓடிய தடங்களும் அதோடு போய்விடும். இதற்குள் இருப்பவை என் தடங்கள் மட்டுமல்ல. கோபியில் இருக்கும் அண்ணன் கொடுத்த கருவி இது. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் தேய்ந்து பைக்கை விட்டபோது இதை எடுத்து என் கையில் வைத்தார். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகள், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40, கொல்லிமலையின் 70, அந்தியூரிலிருந்து பர்கூர் மலை வழியாகக் கர்நாடகத்துக்குள் போகும் பாதை, எல்லாம் அவர் ஓட்டிய வாக்கிலேயே உள்ளே இருக்கின்றன. எடுத்து வைத்திருந்த நகல் பழைய லேப்டாப்பின் டிஸ்க்கோடு போய்விட்டது. வரும் ஞாயிறு ஒரு கூட்டம் பர்கூர் கிளம்புகிறது. அண்ணனின் தடத்தைக் கேட்டிருக்கிறார்கள்.

செவ்வாய்

யுஎஸ்பி ஒயருக்குள் நான்கு கம்பிகள் இருக்க வேண்டும். சிவப்பும் கறுப்பும் 5 வோல்ட் மின்சாரத்துக்கு, பச்சையும் வெள்ளையும் தகவலுக்கு. 1996-இல் முதல் யுஎஸ்பி வந்தபோது செய்த ஏற்பாடு அது. 2014-இல் டைப்-சி வந்து துளையின் வடிவமே மாறிவிட்டாலும், இந்த மாதிரிப் பழைய கருவியோடு பேசுவதற்கு இன்றும் அதே நான்கு கம்பிகள்தான். சார்ஜ் ஏற்றுவதற்கென்று மலிவாக விற்கும் ஒயர்கள் பலவற்றில் பச்சையும் வெள்ளையும் இருக்காது. வெளியிலிருந்து பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

பைக் ஜிபிஎஸ்ஸில் இன்னொரு முடிச்சும் உண்டு. இதில் இருப்பது மினி-யுஎஸ்பி துளை. அதில் ஊசிகள் ஐந்து. நான்கு, நான்கு கம்பிகளுக்கு. ஐந்தாவது, மறுமுனையில் இருப்பது என்ன என்று கருவி தெரிந்துகொள்வதற்கு. வண்டியில் மாட்டுவதற்கென்று செய்யும் ஒயர்களில் அந்த ஐந்தாம் ஊசியை ஒரு ரெசிஸ்டர் வழியாக கிரவுண்டோடு சேர்த்துவிடுவதுண்டு. அதைக் கண்டால் கருவி 'வண்டியில் இருக்கிறேன்' என்று முடிவு செய்து வரைபடத்தை விடாமல் காட்டும். ஓடும்போது இது அவசியம். இல்லாவிட்டால் பைக் பேட்டரியிலிருந்து சார்ஜ் வந்த மாத்திரத்தில் வழிகாட்டுவதை நிறுத்திவிடும். அதே ஒயரை எந்த லேப்டாப்பில் செருகினாலும் கணினிப் படம் வராது. லேப்டாப்பை மாற்றிப் பயனில்லை, டிரைவரை மாற்றியும் பயனில்லை.

காந்திபுரத்தில் ஒரு மொபைல் கடையில் என் ஒயரைக் கொடுத்தேன். கடைத் தம்பியிடம் ஒரு சின்னப் பலகை இருந்தது. ஒயரின் இரு முனைகளையும் அதில் மாட்டினால், உயிரோடு இருக்கும் கம்பிக்கெல்லாம் ஒரு விளக்கு எரிகிறது.

"ரெண்டுதானுங்க எரியுது. இது சார்ஜ் ஏத்தற ஒயருங்க, டேட்டா போகாதுங்க."

மினி-யுஎஸ்பி என்று கேட்டால் இப்போது பல கடைகளில் கையை விரிக்கிறார்கள். அந்தத் தம்பி மேல் தட்டிலிருந்த டப்பாவைக் கொட்டி, பழைய கேமராவோடு வந்த ஒயர் ஒன்றைத் தேடி எடுத்தார். பலகையில் நான்கு விளக்கும் எரிந்தன. எடுத்துக்கொண்டிருக்கும்போதே கேட்டார்: "ஏனுங்க, போன்லயே மேப் பாத்துக்கலாமுங்களே?"

நியாயமான கேள்வி. ஊருக்குள் நானும் போனைத்தான் பார்க்கிறேன். பர்கூர் மலையில் சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். மழையில் நனைந்த திரை, விரல் பட்டதாக நினைத்துக்கொண்டு தானே தாவும். கையுறையோடு தொட்டால் அசையாது. உச்சி வெயிலில் சூடேறி அணைந்துவிடும். சக்திவாய்ந்த பைக் என்ஜின்களின் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்தது. படம் ஆடாமலிருக்கக் கேமரா லென்ஸை அசைத்து ஈடுசெய்யும் நுண்ணிய அமைப்பு அந்த அதிர்வைத் தாங்காமல் போகலாம். பைக்குக்கென்று செய்த கருவி மழை, வெயில், அதிர்வு மூன்றையும் எண்ணிச் செய்தது. வரைபடம் முழுவதும் உள்ளேயே இருப்பதால் அது யாரிடமும் சிக்னல் கேட்பதில்லை. வானம் தெரிந்தால் போதும்.

புதன்

கேமரா ஒயரைச் செருகியதும் கணினிப் படம் வந்தது. லேப்டாப்பில், கருவி சேர்ந்ததைச் சொல்லும் ஏறுசத்தம் கேட்டது. அடுத்த நொடி, பிரிந்ததைச் சொல்லும் இறங்குசத்தம். மறுபடி ஏறு, மறுபடி இறங்கு. கருவி அணைந்து அணைந்து எழுந்தது.

ஒயர் சரியான பிறகு அடுத்த சந்தேகம் கரண்ட்டின் மேல். யுஎஸ்பி 2.0 விதிப்படி, ஒரு கருவி தன்னைக் கணினியிடம் அறிமுகம் செய்துகொள்ளும்வரை 100 மில்லி ஆம்பியர்தான் எடுக்கலாம், அதன்பின் 500. வயதான பேட்டரி காலியாக இருக்கும்போது, அந்த 500-க்குள் சார்ஜும் ஏற வேண்டும், திரையும் எரிய வேண்டும், மெமரியும் படிக்க வேண்டும். என் லேப்டாப்பில் இருப்பவை டைப்-சி துளைகள் மட்டும். அதனால் நடுவில் ஒரு ஹப் இருந்தது. அதில் மவுஸும் வெளி டிஸ்க்கும் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு துளையிலிருந்து வரும் கரண்ட்டுக்கு இத்தனை பேர். வோல்டேஜ் சரிந்ததும் கருவி விழுகிறது.

சுவர் சார்ஜரில் போட்டுப் பேட்டரி நிறையும்வரை காத்திருந்தேன். ஹப்பை எடுத்துவிட்டு, ஒற்றை அடாப்டர் வழியாக நேரே செருகினேன். இம்முறை ஏறுசத்தம் மட்டும். கணினிப் படம் அசையாமல் நின்றது.

ஆனால் எக்ஸ்ப்ளோரரில் டிரைவ் இல்லை. இந்த இடத்தில்தான் பலர் மனம் தளர்ந்து ரீசெட் பொத்தானைத் தேடுகிறார்கள். உண்மையில் வேலை முக்கால்வாசி முடிந்திருக்கும் இடம் இது. விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தேன். கருவியின் மெமரி அங்கே ஆரோக்கியமாக இருந்தது, டிரைவ் எழுத்து மட்டும் கொடுக்கப்படவில்லை. வலது கிளிக் செய்து, வேறு எதுவும் பயன்படுத்தாத ஆர் என்ற எழுத்தைக் கொடுத்தேன். டிரைவ் வந்துவிட்டது. அதே பட்டியலில் ஃபார்மேட் என்ற சொல்லும் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே கை நிதானமாக இருக்க வேண்டும்.

பென் டிரைவ் போலத் தன்னைக் காட்டிக்கொள்ளும் கருவி என்பதால் இவ்வளவோடு முடிந்தது. அதைவிடப் பழைய கருவிகள் சில, தமக்கென்று தனி டிரைவர் மென்பொருள் கேட்கும். புதிதாக வரும் ஆர்ம் வகை பிராசஸர் லேப்டாப்புகளில் பழைய நிரல்கள் பெரும்பாலும் ஓடிவிடும், பழைய டிரைவர்கள் ஓடா. விண்டோஸின் உட்கருவில் வேலை செய்யும் டிரைவரை அந்த பிராசஸருக்கென்றே எழுதியிருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஜிபிஎஸ் வைத்திருப்பவர்கள் லேப்டாப் வாங்குமுன் இதைக் கடைக்காரரிடம் கேட்க வேண்டும்.

வியாழன்

டிரைவ் திறந்ததும் 'இந்த டிஸ்க்கில் பிழை இருக்கிறது, சரிசெய்யவா' என்று விண்டோஸ் கேட்டது. முதலில் நகல், பிறகுதான் மற்றதெல்லாம். சரிசெய்யும்போது உடைந்த ஃபைல்களை அது துண்டு துண்டாக்கி வேறு பெயரில் போட்டுவிடக்கூடும். கருவியில் இருந்த அத்தனையையும் லேப்டாப்புக்கும், அங்கிருந்து வெளி டிஸ்க்குக்கும் எடுத்த பிறகே அந்தக் கேள்விக்குச் சரி என்றேன்.

தடங்கள் எல்லாம் ஜிபிஎக்ஸ் ஃபைல்கள். 2002-இல் வந்த இந்த வடிவத்தின் பெரிய நன்மை, அது வெறும் எழுத்தாக இருப்பது. நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம். ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நேரம். நேரம் உலகப் பொது நேரத்தில் இருப்பதால் ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். 01:10 என்று இருந்தால் நமக்குக் காலை 6:40. எந்த நிறுவனம் இருந்தாலும் போனாலும் இந்த எழுத்தைப் படிக்கலாம். தடங்களை ஏதோ ஒரு செயலியின் கணக்குக்குள் பூட்டி வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

பர்கூர்த் தடத்தின் தேதி என்னைக் குழப்பியது. 2004 மே 30 என்று போட்டிருந்தது. அப்போது இந்த மாடலே சந்தைக்கு வந்திருக்கவில்லை. அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"ஏனுங்கண்ணா, பர்கூர் எப்பப் போனீங்க?"

"முழங்கால் மோசமாகறதுக்கு முந்தின பொங்கலுக்குக் கண்ணு. போகி அன்னைக்கு. ஞாயித்துக்கிழமை."

2024 போகி, ஜனவரி 14, ஞாயிறு. 2004 மே 30-ம் ஞாயிறுதான். விஷயம் புரிந்துவிட்டது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் பழைய முறைப்படி வாரங்களை 1980 ஜனவரி 6 முதல் எண்ணி அனுப்புகின்றன. அந்த எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 10 பிட். 1023-க்குப் பிறகு மீண்டும் பூஜ்ஜியம். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அப்படித் திரும்பியது, அடுத்தது 2038 நவம்பரில். எத்தனையாவது சுற்று என்பதைக் கருவியின் மென்பொருள்தான் ஊகிக்க வேண்டும். ஊகம் பிசகினால் தேதி சரியாக 1024 வாரம் பின்னால் போய்விடும். முழு வாரங்கள் என்பதால் கிழமை மாறாது. பாதையும் மாறாது, இடக் கணக்குக்கு அந்தச் சுற்று எண் தேவையில்லை. கருவிக்கான மென்பொருள் அப்டேட்டை லேப்டாப் வழியாக ஏற்றியதும் இன்றைய தேதி சரியாகிவிட்டது. பழைய தடங்களில் பதிந்த தேதிகளை அப்டேட் திருத்தாது. பர்கூர் ஃபைலின் பெயரில் மட்டும் சரியான தேதியை நானே எழுதி வைத்தேன்.

வெள்ளி

ஞாயிறு போகும் நண்பர் ஒருவரிடம் புதிய பைக் ஜிபிஎஸ், ஆப்பிள் மேக் லேப்டாப். அவருக்கும் டிரைவ் தெரியவில்லை. அவருடைய கருவி பென் டிரைவ் போல வராமல், ஆண்ட்ராய்டு போன்களைப் போல எம்டிபி முறையில் பேசுகிறது. மேக் அந்த முறையைத் தானாகப் புரிந்துகொள்வதில்லை, அதற்குத் தனி நிரல் வேண்டும். ஒயரும் நல்லது, கருவியும் நல்லது, துளையும் நல்லது, ஆனாலும் டிரைவ் வராது. என் ஒயர்க் கதையை அவருக்குச் சொல்லிப் பயனில்லை. நிரல் ஏற்றும்வரை, மெமரி கார்டைக் கழற்றி கார்டு ரீடரில் போட்டு ஃபைலை வைக்கச் சொன்னேன். அவருடைய கருவி கார்டிலிருந்து படித்துக்கொண்டது.

எல்லோருக்கும் பர்கூர் ஃபைலை அனுப்பியபோது ஒன்றை அழுத்திச் சொன்னேன். இதைத் தடமாகவே வையுங்கள், ரூட்டாக மாற்றாதீர்கள். ரூட் என்றால் கருவி தன்னிடம் உள்ள வரைபடத்தை வைத்து வழியைப் புதிதாகக் கணக்கிடும். வரைபடம் வேறாக இருந்தால் ஒவ்வொருவரையும் ஒவ்வொரு பக்கம் திருப்பும். தடம் அண்ணன் போன கோடு. கருவி அதை வரைந்து காட்டும், மாற்றாது. திருப்பத்துக்குத் திருப்பம் குரல் கொடுக்காது என்றாலும் மலைப்பாதையில் கோடு போதும்.

லேப்டாப்பிலிருந்து எடுக்கும்போது 'பாதுகாப்பாக நீக்கு' கொடுத்துவிட்டே ஒயரை உருவினேன். எழுதி முடியாத ஃபைலோடு பிடுங்குவதால்தான் நேற்றுப் பார்த்த அந்த மாதிரிப் பிழைகள் வருகின்றன. கேமரா ஒயரில் 'டேட்டா' என்று ஒட்டி, கருவியின் பையிலேயே போட்டுவிட்டேன்.

மாலையில் அண்ணன் கூப்பிட்டார். தடம் கிடைத்துவிட்டது என்றேன்.

"அந்தியூர்ல டேங்க்கை நெரப்பிக்கச் சொல்லு கண்ணு. மேல ஏறுன பொறவு பங்க்கைத் தேடீட்டு இருக்கக் கூடாது. அதையும் அதுல போட முடியுமா?"

முடியும். அந்தியூரில் ஒரு புள்ளி வைத்து, பெட்ரோல் என்று பெயரிட்டு, ஃபைலை எல்லோருக்கும் மறுபடி அனுப்பினேன்.