நூறு சொற்குறிப்புகளைத் திரும்பிப் பார்க்கையில்

எல்லைத் தமிழ் குறித்து இங்கு எழுதிவரும் சொற்குறிப்புகளின் எண்ணிக்கை சென்ற வாரத்தோடு நூறை எட்டியது. மொழியியலில் முதுகலை முடித்து முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்த ஆண்டில் தொடங்கிய பழக்கம் இது. பாலக்காட்டின் கிழக்கோரத்திலும் இடுக்கியின் மலையோரத்திலும் களப்பணிக்குச் செல்லும்போது காதில் விழும் சொல் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதை யார், எங்கே, யாரிடம் சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதிவைப்பேன். நூறு குறிப்புகளையும் ஒருசேர வாசித்து, மனத்துக்கு நெருக்கமானவற்றைப் பிரித்தெடுத்தேன். அவற்றுள் பெரும்பாலானவை என் ஆய்வேட்டின் அட்டவணைகளுக்குள் அடங்காதவை. அதற்கான காரணத்தை எண்ணிப் பார்த்ததன் விளைவே இப்பதிவு.

முதலில் நிலத்தைப் பற்றிச் சில சொற்கள். கேரளத்தின் 44 ஆறுகளில் 41 மேற்கு நோக்கி ஓடுகின்றன. கிழக்கே திரும்பும் மூன்றனுள் இரண்டு என் ஆய்வுப் பரப்பில் உள்ளன: அட்டப்பாடி வழியே செல்லும் பவானி, மறையூரைக் கடந்து அமராவதியோடு சேரும் பாம்பாறு. ஆட்சி எல்லைகளோ வேறு கணக்கில் அமைந்தவை. பிரிட்டிஷார் காலத்தில் பாலக்காடு மலபார் மாவட்டத்திலும், சித்தூர் கொச்சி அரசிலும், தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூரிலும் இருந்தன. தேவிகுளத்தையும் பீருமேட்டையும் தமிழகத்தோடு சேர்க்கவேண்டும் என்ற போராட்டம் நிறைவேறாமல் போக, 1956 நவம்பர் 1 அன்று இவை யாவும் கேரளமாயின. 2011 கணக்கெடுப்பின்படி அம்மாநிலத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 5 லட்சம் பேர். அவர்களது பேச்சைத் தமிழகத்தார் ‘மலையாளம் கலந்தது’ என்கின்றனர். மலையாளிகள் ‘பாண்டித் தமிழ்’ என்கின்றனர். இரு தரப்பும் விலக்கிவைத்த அந்தப் பேச்சுதான் என் குறிப்பேட்டின் பொருள்.

நூற்றுள் நான் முதலிடம் தரும் குறிப்பு ‘ஊர்’ என்ற சொல்லைப் பற்றியது. மூணாறுத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், லயத்து வாசலில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், “ஊருக்குப் போயி பதினெட்டு வருசமாச்சு தாயி” என்றார். அவர் பிறந்ததும் மணந்ததும் கொழுந்து பறித்ததும் அதே மலையில்தான். இருந்தும் அவருக்கு ‘ஊர்’ என்பது பாட்டனார் விட்டுவந்த தென்மாவட்டத்துச் சிற்றூர். இதை ஏக்கம் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட இயலாது. லயத்து அறை வேலையோடு சேர்ந்தது. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டியது. மூன்று தலைமுறை வாழ்ந்தும் உரிமையாகாத இடத்தை ஊர் என்று அழைக்க அச்சொல் இணங்கவில்லை. அட்டப்பாடியில் இதே சொல் நேர்மாறாகப் பழங்குடியினர் இன்று வாழும் குடியிருப்பையே குறிக்கிறது. ஊர்மூப்பன், ஊருக்கூட்டம் என அரசு ஆவணங்களிலும் அப்பொருளே நிலைத்துள்ளது.

2020 ஆகஸ்ட் 6 இரவில் ராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் லயங்களை மண்சரிவு மூடியது. 70 பேர் மாண்டனர்; நால்வரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. அவர்களில் பலருடைய பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. உறவினர்கள் அங்கிருந்து மலையேறி வந்தனர். அடக்கம் ராஜமலையிலேயே நடந்தது. ‘ஊர்’ குறித்த குறிப்பின் கடைசி இரண்டு வரிகள் இவ்வளவே. அதற்கு மேல் விளக்கம் எழுத அன்றும் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை.

அடுத்தது ‘வெள்ளம்’. மலையாளத்தில் இது குடிக்கும் நீர். தமிழில் பெருக்கெடுத்த நீர். பழந்தமிழில் ஒரு பேரெண்ணின் பெயராகவும் வழங்கியது. கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் ஒரே கடைக்காரர் ஒருவரிடம் ‘வெள்ளம்’ என்றும் அடுத்தவரிடம் ‘தண்ணி’ என்றும் கேட்பவரின் முகம் பார்த்து மாற்றிச் சொல்வதைப் பதிவு செய்திருக்கிறேன். அவரிடம் குழப்பம் எதுவும் இல்லை. எந்தச் சொல் யாருக்கு என்பதை அவர் நன்கறிவார். இதனோடு சேர்த்து வாசிக்கத்தக்கது ‘டாப் ஸ்டேஷன்’ குறித்த குறிப்பு. மூணாற்றிலிருந்து அந்த மலைமுகட்டுக்கு 1902இல் ஒற்றைத் தண்டவாளப் பாதையும் 1908இல் குறுகிய இருப்புப்பாதையும் அமைந்தன. தேயிலைப் பெட்டிகள் முகட்டை அடைந்து, கம்பிவட வழியாகக் கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூருக்குச் சென்றன. கொல்லம் ஆண்டு 1099இல் வந்ததால் ‘தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளப்பெருக்கு’ என மலையாளிகள் நினைவுகூரும் 1924ஆம் ஆண்டுப் பேரழிவு அந்தப் பாதையை அழித்தது. ரயில் போய் நூறாண்டுகள் கடந்தும் ஊர்ப்பெயரில் நிலையம் மட்டும் நிற்கிறது.

மாணவர்கள் அதிகம் விவாதித்த குறிப்பு, 2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண் தொழிலாளர்கள் தம் போராட்டத்துக்கு இட்ட பெயரைப் பற்றியது: ‘பெம்பிளை ஒருமை’. 20 சதவீதமாக இருந்த போனஸ் பாதியாகக் குறைக்கப்பட்டதை எதிர்த்து, தொழிற்சங்கத் தலைமைகளை ஒதுக்கிவைத்துவிட்டு, ஆயிரக்கணக்கான பெண்கள் ஒன்பது நாட்கள் சாலையில் அமர்ந்தனர். தமிழின் மலை, தலை, இலை என்பன மலையாளத்தில் மல, தல, இல என ஐகாரம் இழக்கும். இந்தப் பெயரோ மலையாள எழுத்தில் எழுதப்பட்டபோதும் இரு சொற்களிலும் ஐகார ஈற்றோடே எழுதப்பட்டது. அதே வேளையில் ‘ஒருமை’ என்பதற்கு அங்கே கொள்ளப்பட்ட பொருள் மலையாள வழக்குக்குரிய ஒற்றுமை. தமிழ் இலக்கண வகுப்பில் ஒருமை என்றால் பன்மையின் மறுதலை. அங்கோ ஒரு பெரும் பன்மை தன்னை ஒருமை என்று அழைத்துக்கொண்டது. இந்தப் பெயரை எம்மொழியின் கணக்கில் எழுதுவது?

இந்தக் கேள்விதான் என் ஆய்வேட்டின் சிக்கலும். அட்டவணையில் சொல், பொருள், மூலமொழி என்று மூன்று பத்திகள். மூலமொழிப் பத்தி ஒரே ஒரு விடையைக் கேட்கிறது. எனக்கு நெருக்கமான குறிப்புகள் அந்தப் பத்தியில் பொருந்தாமல் வெளியே நிற்கின்றன.

ஆயினும் வகைப்பாடே தேவையில்லை என்று சொல்பவள் அல்லள் நான். அதற்குச் சான்று இருளம் குறித்த குறிப்பு. அட்டப்பாடியைச் சேர்ந்த இருளர் சமூகப் பாடகி நஞ்சியம்மாவுக்கு 2022இல் தேசியத் திரைப்பட விருது அறிவிக்கப்பட்டபோது, அவர் பாடியதைத் தமிழ் என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. மலையாளத்தின் வட்டார வழக்கு என்று சொன்னவர்களும் உண்டு. இரண்டும் அன்று, அது இருளம். செக் நாட்டறிஞர் கமில் சுவலபில் 1973 முதல் மூன்று பகுதிகளாக வெளியிட்ட ஆய்வில், நடுவுயிர்கள் முதலிய தனித்த கூறுகளைக் காட்டி, அது தென்திராவிடக் குடும்பத்தின் தனிமொழி என்று நிறுவினார். கணக்கெடுப்பிலோ அம்மொழியைப் பேசுவோர் தமிழ் என்ற தலைப்பின்கீழ் தொகுக்கப்படுகின்றனர். இருளத்துக்குத் தனிப் பத்தி வேண்டும் என்று வாதிடுவதும், மூணாற்றுப் பெண்களின் பெயரை ஒரே பத்தியில் அடைக்காதீர்கள் என்று வாதிடுவதும் முரண் போலத் தோன்றலாம். என் பார்வையில் இரண்டும் ஒரே கோரிக்கை: பேசுபவர் தம் பேச்சைக் கொண்டு என்ன செய்கிறார் என்பதை முதலில் பாருங்கள்; பெயரிடுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே ஒரு முடிவுக்கு வந்துள்ளேன். ஆய்வேட்டில் அட்டவணை இருக்கும். மூலமொழிப் பத்தியோடு நான்காவதாக ஒரு பத்தியும் இருக்கும்: ‘யார், யாரிடம், எந்த வேலையின்போது’. நூறு குறிப்புகளும், பேசியோரின் அடையாளம் நீக்கப்பெற்று, பின்னிணைப்பாகச் செல்லும். நெறியாளர் இசைந்துள்ளார்.

எல்லையோரத்திலிருந்து கல்லூரிக்கு வந்து இதை வாசிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேலந்தாவளமோ வட்டவடையோ கம்பம்மெட்டோ, உங்கள் வீட்டுப் பேச்சை வகுப்புக்காகத் திருத்திக்கொள்வதற்கு முன் ஒருமுறை எழுதிவையுங்கள். பாட்டி சொன்ன சொல் என்றால் பாட்டி என்ன வேலை செய்தார், அதை யாரிடம் சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சொல்லை அகராதியிலிருந்து பின்னர் மீட்கலாம். அது பேசப்பட்ட இடத்தை உங்களைத் தவிர வேறு எவராலும் மீட்க இயலாது. நூற்று ஒன்றாவது குறிப்பு அடுத்த வாரம், சொல்: ‘மெட்டு’.