ஆற்றுக்குள்ளே ஒரு காது

"சிங்காரப்பேட்டைக்குப் போய் வாருங்கள்" என்று ஆசிரியர் சொன்னதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பெயரைக் கேட்டாலே வீதிக்கு வீதி மல்லிகைச் செண்டும் கண்ணாடி வளையலும் விற்கிற ஊர் என்று தோன்றுகிறதல்லவா? நேயர்களே, நீங்களும் அப்படி நினைத்தால் என்னைப்போல் ஏமாந்துதான் போவீர்கள். கிருஷ்ணகிரி ஜில்லா ஊத்தங்கரைத் தாலுகாவில், திருவண்ணாமலைக்குப் போகும் நெடுஞ்சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் வெயிலும் புழுதியும் டீக்கடையும்தான் வரவேற்கின்றன. சிங்காரமெல்லாம் தூரத்தே நீல நிறத்தில் படுத்திருக்கும் ஜவ்வாது மலைக்குத்தான்.

ஆனால் இது சாமானியமான ஊர் அல்ல. மைசூர்ச் சீமைக்கும் கீழ்நாட்டுக்கும் நடுவே உள்ள கணவாய் வழியில் இருக்கிறது. 1767-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஹைதர் அலியின் சைன்யமும் கர்னல் ஸ்மித்தின் சைன்யமும் பக்கத்துச் செங்கத்தில்தான் மோதிக்கொண்டன. அவர்கள் ராஜ்யத்தைத் தேடி வந்தார்கள். நான் தேடிப் போனதோ ஒரு பிளாஸ்டிக் குழாயை!

அந்தக் குழாய்க்குச் சொந்தக்காரர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் இளைஞர். வாரம் ஆறு நாள் அங்கே. ஞாயிற்றுக்கிழமை அம்மா கைச் சாப்பாட்டுக்கு இங்கே. தண்ணீருக்குள் கிடக்கும் உலோகத்தைக் கண்டுபிடிக்கும் யந்திரம் ஒன்றைத் தம் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து செய்திருக்கிறார்.

"எதற்காக இந்த யந்திரம்?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் உள்ளே பார்த்தார். அங்கே கதவுக்குப் பின்னால் அவருடைய தங்கை நின்றுகொண்டிருந்தாள்.

கதை இதுதான். போன வருஷம் அவளுக்குத் தலை ஆடி. பிறந்த வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். ஆடிப் பெருக்கன்று ஊத்தங்கரையைத் தாண்டி, தென்பெண்ணைக் கரையிலே இருக்கும் அனுமன்தீர்த்தத்துக்குப் போனார்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று தாலிச் சரடு மாற்றும்போது, மாமியார் போட்ட லட்சுமிக் காசு ஒன்று நழுவி ஆற்றில் விழுந்துவிட்டது. அழுதாள், தேடினார்கள், கிடைக்கவில்லை. அண்ணன் கவரிங் காசு ஒன்றை வாங்கிக் கோத்துக் கொடுத்தார். எட்டு மாதமாக அந்தப் பெண் அந்தப் பொய்யைக் கழுத்தில் கட்டிக்கொண்டு புகுந்த வீட்டில் வளைய வந்துகொண்டிருக்கிறாள்.

"எங்க அத்தை திட்டுறவங்களா இருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேங்க. ரொம்ப நல்லவங்க. அதான் வாய் வரலை" என்றாள்.

சகோதரிகளே, இந்த வாக்கியத்தின் பொருள் எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. உங்களுக்கு உடனே விளங்கியிருக்கும்.

குடத்தின் ரீங்காரம்

உலோகத்தைக் காதால் தேடும் வித்தை புதிதல்ல. 1881-ம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடம்பில் புதைந்த குண்டைக் கண்டுபிடிக்க டெலிபோன் புகழ் கிரகாம் பெல் ஒரு கருவியைச் செய்துகொண்டு ஓடினார். கருவி எங்கே வைத்தாலும் சத்தம் போட்டது. கட்டில் மெத்தையில் இருந்த இரும்புச் சுருள்கள் காரணம் என்கிறார்கள். பாவம், ஜனாதிபதி பிழைக்கவில்லை.

நம் இளைஞரின் கருவியில், எனாமல் பூசிய தாமிரக் கம்பியைச் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இருபத்தைந்து சுற்று சுற்றியிருக்கிறார். அதிலே விநாடிக்குப் பல நூறு தடவை மின்சாரம் பாய்ந்து பாய்ந்து நிற்கிறது. பித்தளைக் குடத்தைத் தட்டிக் கையை எடுத்த பிறகும் ரீங்காரம் கொஞ்சம் மிஞ்சுகிறதல்லவா? அதுபோல அருகில் உலோகம் இருந்தால், மின்சாரம் நின்ற பிறகும் அதற்குள் ஒரு சிறு மின்னோட்டம் கண நேரம் தங்கும். அதே கம்பிச் சுருள் அதைக் கேட்டுக் கீச்சென்று சொல்லிவிடும்.

அனுமன்தீர்த்தத்துக்கு இந்த வகைக் கருவிதான் ஏற்றது. பக்கத்துத் தீர்த்தமலையில் காந்த இரும்புக் கல் உண்டு. இந்தப் பக்கத்து ஆற்று மணலிலும் கறுப்புப் பொடி கலந்திருக்கிறது. காந்தத்தைக் காட்டினால் மீசை முளைத்ததுபோல் ஒட்டிக்கொள்கிறது! வேறு சில கருவிகள் அந்த மணலுக்கே கூச்சல் போடும். இது அதை அவ்வளவாக லட்சியம் செய்வதில்லை. ஆனால் ஒரு குறை: ஆணிக்கும் பவுனுக்கும் இதற்கு வித்தியாசம் தெரியாது.

தண்ணீரோடு மல்லுக்கட்டு

"சத்தம் போட வைக்க ஒரு மாசம். தண்ணி போகாம பண்ண நாலு மாசம் சார்" என்றார் இளைஞர்.

மூன்று மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் தண்ணீர் சுமார் 300 கிராம் கனத்தோடு அழுத்துகிறது. 11 சென்டிமீட்டர் குழாயின் மூடிமேல் ஏறக்குறைய 28 கிலோ! அரை மூட்டை சிமெண்டுக்கும் அதிகம். கைக்கடிகாரத்தின் மூடிக்குள் ஒரு ரப்பர் வளையம் தண்ணீரைத் தடுக்கிறதே, அதே தந்திரத்தைக் குழாயின் மூடியிலும் கையாண்டிருக்கிறார். கடிகாரம் தயாரிக்கும் ஓசூரில் வேலை பார்ப்பவருக்கு இதைச் சொல்லித் தரவா வேண்டும்? கம்பிச் சுருளை எபாக்ஸிப் பிசினுக்குள் அடக்கம் செய்துவிட்டார். சுவிட்சுக்குத் துளையே கிடையாது. வெளியே ஒரு காந்தத்தை வைத்தால் உள்ளே இருக்கும் சின்னச் சுவிட்சு ஒட்டிக்கொள்கிறது. கருவி மிதக்காமல் இருக்கக் கைப்பிடிக் குழாயில் துளைகள் போட்டுத் தண்ணீரை உள்ளே விட்டிருக்கிறார். சத்தம் போடும் வில்லையைத் துண்டுக்குள் வைத்துத் தலைப்பாகையாகக் கட்டிக்கொள்கிறார்.

பரீட்சை செய்த விதம்தான் வெகு அழகு. பாகங்களை வைக்காமல், வெறுங் குழாய்க்குள் ஒரு பத்திரிகையைச் சுருட்டி வைத்துக் கிணற்றில் ராத்திரி முழுவதும் அமிழ்த்துவாராம். காலையில் காகிதம் உலர்ந்திருந்தால் வெற்றி. எந்தப் பத்திரிகை என்று கேட்டேன். சாக்ஷாத் நம்முடைய பத்திரிகைதான்!

"தொடர்கதைப் பக்கத்தை மூணு தடவை நனைச்சுட்டான், தம்பி. அப்புறம் என்ன ஆச்சுன்னு நான் பக்கத்து வீட்டுல போய்க் கேட்டேன்" என்று அம்மா என்னிடம் புகார் செய்தார்.

அனுமன் எறிந்த கலசம்

பங்குனி வெயிலில் ஆற்றுக்குப் போனோம். ராமர் பூஜைக்கு அனுமன் தீர்த்தம் கொண்டுவரத் தாமதமானதால் ராமர் அம்பெய்து தீர்த்தமலையில் நீர் வரவழைத்தாராம். வருத்தத்தோடு அனுமன் கலசத்தை வீச, அது விழுந்த இடம் இது என்பது ஐதீகம். ஆகவே இந்த ஆற்றில் முதலில் பாத்திரம் போட்டவர் அனுமன்தான்!

நந்தி மலையில் பிறந்து, ஓசூர்ப் பக்கமாகவும் கிருஷ்ணகிரி அணை வழியாகவும் வரும் பெண்ணை இங்கே மெலிந்து ஓடினாள். இளைஞர் இடுப்பில் கயிற்றைக் கட்டி மறுமுனையைச் சிநேகிதரிடம் கொடுத்தார். மணல் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. தனியாக இறங்கவே கூடாது என்றார். குச்சிகள் நட்டுக் கயிறு கட்டி, ஆற்றைப் புடவைக் கட்டம்போல் பிரித்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகத் தேடினார். பவுன் மணலைப்போல் ஏழு மடங்கு கனம். ஆகவே அது வெகு தூரம் போகாது, மணலுக்குள் இறங்கிக் கீழே பாறையில் படுத்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு.

கீச்! சோடா மூடி. கீச்! ஊக்கு. பிறகு ஆணி, செல்லாத பத்துப் பைசா, தாயத்து. மத்தியானத்துக்குள் சல்லடையில் ஒரு பழைய இரும்புக் கடையே சேர்ந்துவிட்டது. கரையில் அந்தப் பெண் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். நாலு மணிக்கு மறுபடி கீச். சல்லடையை அலசினார். ஒரு மோதிரம்! தங்க மோதிரந்தான், ஆனால் யாருடையதோ? அதை அவர் மடியில் முடியவில்லை. தேதி, இடம், அடையாளம் எல்லாவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினார்.

"இது ஒருத்தங்க அழுததுங்க" என்றார்.

பழங்காசு கிடைத்தால்? செங்கம் பக்கத்து ஆண்டிப்பட்டியில் எழுத்துப் பொறித்த பழந்தமிழ் ஈயக் காசுகள் கிடைத்திருக்கின்றன. கரூரில் அமராவதி மணலிலே சேரர் காசும் ரோமாபுரிக் காசும் கிடைத்திருக்கின்றன. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையல் எதுவானாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ம் ஆண்டுச் சட்டம். அதையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

வெளிச்சம் மங்கும்போது கடைசிக் கட்டத்தில் ஒரு மெல்லிய கீச். இரண்டு சாண் மணலை வாரிய பிறகு, சல்லடையில் லட்சுமி தேவி தாமரைமேல் உட்கார்ந்திருந்தாள்!

அந்தப் பெண் அப்போதே கரையிலிருந்து மாமியாருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னாள். மறுமுனைக் குரல் எனக்கும் கேட்டது.

"கவரிங் கறுத்துப் போனதை நான் பார்க்கலையா, கண்ணு? நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன். முதல்ல சாப்பிட்டியா?"

எட்டு மாதமாக அந்த மாமியாரின் காதுக்கும் ஏதோ கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது!

மோதிரம் மறுநாளே போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கப்பட்டது. அனுமன்தீர்த்தத்தில் மோதிரத்தைத் தொலைத்துவிட்டு வீட்டில் சொல்லாமல் இருக்கும் சகோதரி உங்களில் யாராவது உண்டா? உள்பக்கம் என்ன எழுத்து என்று அங்கே போய்ச் சொல்லுங்கள். நான் சொல்லமாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் வீட்டில் சொல்லிவிடுங்கள். ஒருவேளை அவர்களுக்கு ஏற்கனவே தெரிந்திருக்கலாம்.