தண்ணி ஊத்தாத தொட்டி

போன அக்டோபரில் ஆன்லைனில் பத்து ஃப்ரீசியா கிழங்குகள் வாங்கினேன். வாசனைக்குப் பேர்போன பூ என்று போட்டிருந்தது. கும்மிடிப்பூண்டியில் எங்கள் மொட்டை மாடிக்குக் காற்று கொண்டுவருவது பெரும்பாலும் இரும்பு வாடைதான். ஒரு மாறுதலுக்கு இருக்கட்டுமே என்று நினைத்தேன்.

இலை வந்தது. கோரைப்புல் மாதிரி, விசிறி விசிறியாக. பூ மட்டும் வரவில்லை. பங்குனி வெயிலில் இலையும் கருகியது. அதற்குப் பிறகுதான் படித்தேன். ஃப்ரீசியா தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிச் செடி. அங்கே மழை பெய்வதே குளிர்காலத்தில்தான். கிழங்கு ஓய்வெடுக்க வெயில் வேண்டும். ஆனால் மொட்டு உருவாக 15 டிகிரியை ஒட்டிய குளிர் வாரக்கணக்கில் வேண்டும். எங்கள் ஊரில் மார்கழி ராத்திரியிலேயே 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால் பெரிய விஷயம். கிழங்கின் மேல் தப்பில்லை. நான் வைத்த இடம் தப்பு.

அதே பங்குனியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை தளர்ந்தது, பேச்சு போனது. நாம் சொல்வது புரிகிறது, அவருக்குச் சொல்தான் கிடைக்கவில்லை. வாரம் ஒருமுறை திருவள்ளூருக்குப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போனோம். "அவரை டெஸ்ட் பண்ணாதீங்க சார், டைம் குடுங்க" என்றார் அந்தப் பயிற்சியாளர். நான் கேட்கவில்லை. பில்ட் முடிந்ததா என்று நிமிஷத்துக்கு ஒருமுறை பார்த்துப் பழகிய ஆள் நான். காலையில் டம்ளரைக் காட்டி "அப்பா, இது என்ன?" சாயந்திரம் செருப்பைக் காட்டி "இது?" அவர் என்னைப் பார்ப்பார், அப்புறம் ஜன்னலைப் பார்ப்பார்.

மாடியில் ஃப்ரீசியா பக்கத்தில் ஒரு பழைய பெயின்ட் வாளி இருந்தது. உள்ளே காய்ந்த மண், நடுவில் ஒரு குச்சி. தூக்கிப் போடப் போனேன். அம்மா ஓடி வந்தார்.

"டேய், அது காந்தள். உங்கப்பா வேலியிலேருந்து எடுத்தாந்து வெச்சது. தண்ணி கிண்ணி ஊத்தாத, அழுவிடும். மழை வந்தா அதுவே வரும்."

செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர். கார்த்திகைப் பூ என்றும் பெயர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் முதல் பூ இதுதான். ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் விதைக்காகவே ஏக்கர் கணக்கில் பயிரிடுகிறார்கள். அதிலிருந்து எடுக்கும் கொல்கிசின் கீல்வாதத்துக்கு மருந்து. அதே கொல்கிசின்தான் விஷமும். வேர் முதல் பூ வரை எதையும் வாயில் வைக்கக் கூடாது. இதெல்லாம் ஒரே ராத்திரியில் போனில் படித்தேன். படித்த பிறகு பொறுமையாவது வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஜூன் மாதம், அப்பாவை மாடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு, உயிர் இருக்கிறதா பார்க்கலாம் என்று ஒரு ஸ்பூனால் மண்ணைக் கிளறினேன். 'டக்' என்றது. கிழங்கு கவட்டை மாதிரி இரண்டு கையோடு இருந்தது. கலப்பைக்கிழங்கு என்ற பெயர் அதனால்தான். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளைதான் இருக்கும். அது ஒடிந்தால் அந்தக் கை அவ்வளவுதான். நான் ஒடித்தது ஒரு நுனியை. வெள்ளையாக, அரிசி அளவுக்கு முளை விட்டிருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். அப்பா இடது கையை உயர்த்தி, உள்ளங்கையை என் பக்கம் காட்டினார்.

அந்தச் சைகை எனக்குத் தெரியும். சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் 28 வருஷம் வேலை பார்த்தவர். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசினாலும் கேட்காது, எல்லாம் கையசைவில்தான் என்று சின்ன வயதில் செய்து காட்டியிருக்கிறார். உயர்த்திய உள்ளங்கை என்றால் 'நிறுத்து'. மூன்று மாதமாக நான் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தது சொற்களை. அவர் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

மண்ணை மூடினேன். டம்ளரையும் செருப்பையும் காட்டுவதை அன்றோடு விட்டேன். வேலை முடிந்ததும் மாடியில் அவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்தேன். ஏழரை மணி லோக்கல் ரயில் போகும் சத்தம் கேட்கும். சில நாள் அவர் ஏதோ முனகுவார், சில நாள் அதுவும் இல்லை.

ஆடி முடிவதற்குள் மிச்சமிருந்த முனை மண்ணைத் துளைத்து வந்தது. இலையின் நுனியே சுருண்டு, குச்சியைப் பிடித்து ஏறியது. கார்த்திகை பிறந்ததும் முதல் பூ. தலைகீழாகத் தொங்கி, இதழ்கள் மட்டும் மேல்நோக்கி வளைந்து, முதல் நாள் பச்சை கலந்த மஞ்சள். நாளாக நாளாகச் சிவப்பு ஏறியது.

முழுக்கச் சிவந்த அன்று அப்பா அதை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, மெதுவாக, "வி...ளக்கு" என்றார்.

"பூப்பா" என்று திருத்த வாய் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

"ஆமாம்ப்பா" என்றேன்.

ஃப்ரீசியா கிழங்குகளைத் துடைத்து, பேப்பர் கவரில் போட்டு, ஊட்டியில் இருக்கும் நண்பனுக்கு அனுப்பிவிட்டேன். அங்கே பூக்கலாம்.